நெட்டு போயிட்டுன்னா, எங்க போயிட்டுன்னு முதல்ல பாக்கணும்

போன ஐப்பசியில, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு கல்லிடைக்குறிச்சியில இருந்து சித்தி போன் பண்ணுனாவ. "ஏய், நெட்டு போயிட்டுடே, மூணு நாளாச்சு. கம்பெனிக்குப் போன் போட்டா ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னுதான் திரும்பத் திரும்பச் சொல்லுதாவ, நானும் பத்து இருபது தடவ பண்ணிட்டேன், ஒண்ணும் நடக்கல." நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சித்தி, அந்த டப்பாவுல எங்கயாவது சிவப்பு லைட்டு எரியுதா?" "ஆமா, ஒண்ணு சிவப்பா மினுங்கிக்கிட்டே கெடக்கு, அது எப்பவும் அப்படித்தான்னுல்ல நெனச்சேன்."

மூணு நாளா யாருமே அவுககிட்ட இத கேக்கல, எனக்கு அதுதான் மனசு பொறுக்கல. அந்தச் சிவப்பு லைட்டு சொல்ற சேதி ரொம்பத் தெளிவு: கோளாறு வைஃபையில இல்ல, போன்ல இல்ல, பாஸ்வேர்டுல இல்ல, பணம் கட்டாததுனாலயும் இல்ல, வெளிய இருந்து வர வேண்டிய வெளிச்சமே டப்பாவுக்கு வந்து சேரல. ஆயிரம் தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனாலும் அறுந்த வழி ஒட்டாது.

நான் இருக்கது பாளையங்கோட்டை, சொந்தக்காரங்க எல்லாரும் அம்பை, வள்ளியூர், நாங்குநேரின்னு சுத்துப்பட்டுல இருக்காங்க, நெட்டு போனா முதல் போன் எனக்குத்தான் வரும். இத்தன வருசத்துல நான் புரிஞ்சுக்கிட்டது, "நெட்டு போயிட்டு"ங்கிறது நாலஞ்சு வேற வேற கோளாறுக்கு நாம வச்சிருக்க ஒரே பேரு. எந்த எடத்துல நின்னு போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டாலே பாதி வேலை முடிஞ்சுது, கண்டுபிடிக்காம கைய வச்சா இருக்கதும் கெட்டுப் போகும்.

வழி எப்படி வருதுன்னு ஒரு தடவ மனசுல வாங்கிக்கோங்க. உங்க கையில இருக்க போன்ல இருந்து வைஃபை வழியா ரூட்டருக்கு, ரூட்டர்ல இருந்து மஞ்சள் கலர்லயோ வெள்ளையாவோ ஒரு மெல்லிசு வயர் வழியா செவுத்துல இருக்க சின்னப் பெட்டிக்கு, அங்க இருந்து கருப்பு டிராப் கேபிள் தெருவத் தாண்டி போஸ்ட்டுல தொங்குற பெட்டிக்கு, அந்தப் பெட்டிக்குள்ள வெளிச்சத்த வீடு வீடாப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர், அதுல இருந்து பல கிலோமீட்டர் ஓடி கேபிள்காரர் ஆபீஸ்லயோ எக்ஸ்சேஞ்சுலயோ இருக்க ஓஎல்டிங்கிற மெஷினுக்கு, அதுக்கு அந்தால ஊரு விட்டு ஊரு போற பெரிய லைன். இதுல நட்டநடுவுல நிக்கிறது உங்க வீட்டு டப்பா. அதனாலதான் முதல்ல டப்பாவப் பாக்கச் சொல்றேன், அது வழிய ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துரும், இந்தால வீட்டுப் பாடு, அந்தால கம்பெனி பாடு.

டப்பாவுல பவர்னு ஒரு லைட்டு, அது எரியலன்னா அடாப்டரப் பாருங்க. நம்ம பக்கம் கரண்டு போயிட்டுப் போயிட்டு வர்றதுல முதல்ல அடி வாங்குறது அந்த 12 வோல்ட் அடாப்டர்தான், அது முழுசாச் சாகுறதுக்கு முன்னாடி ரொம்ப நாள் அரைகுறையா ஓடும். ரூட்டர் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது, அதுவும் ராத்திரி வோல்டேஜ் கொறையுற நேரத்துலன்னா ரூட்டரக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேற அடாப்டர் ஒண்ணு போட்டுப் பாருங்க. அடுத்து பான் (PON)னு ஒரு லைட்டு, ஓஎல்டியோட பேச்சு நடக்குதான்னு காட்டுறது. மினுங்குனா கூப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கு, அசையாம எரிஞ்சா பேச்சு சரியா நடக்குது. எல்.ஓ.எஸ். (LOS)னு எழுதுனது வெளிச்சம் வரலன்னு சொல்றது, பெரும்பாலும் சிவப்பு, அது எரியவே கூடாது. இதுபோக இன்டர்நெட்னோ பூமி உருண்டை படம் போட்டோ ஒண்ணு இருக்கும், பான் பச்சையா இருந்து இது மட்டும் எரியலன்னா லைன் நல்லாருக்கு, உங்க யூசர்நேம் பாஸ்வேர்டு உள்ள போய்ச் சேரல, இல்ல பிளான் முடிஞ்சிருக்கு, இல்ல அவங்க சர்வர்ல கோளாறு.

இப்ப அந்த வெளிச்சத்தப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா முக்காவாசி வீட்டுல நடக்குறது இங்கதான், இதப் பத்தித்தான் யாரும் விவரமாச் சொல்றதும் இல்ல.

ஃபைபர்ங்கிறது கண்ணாடி இழை. வெளிச்சம் போற நடுப் பாதை 9 மைக்ரான், அதச் சுத்தி இருக்க கண்ணாடியோட சேத்தா 125 மைக்ரான், நம்ம தலைமுடி மொத்தமே நூறு மைக்ரானுக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும்னா அந்தப் பாதை எவ்ளோ பொடிசுன்னு பாத்துக்கோங்க. ஆபீஸ்ல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற வெளிச்சம் 1490 நானோமீட்டர், உங்க வீட்டுல இருந்து திரும்பிப் போறது 1310, ரெண்டும் ஒரே இழையில எதிரும் புதிருமாப் போகுது, ரெண்டுமே நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதனால வயரப் புடுங்கி முனையில வெளிச்சம் வருதான்னு உத்துப் பாக்குறதுல பிரயோசனம் இல்ல, கண்ணுக்கும் நல்லது இல்ல. லைன்மேன் சிவப்பா அடிச்சுக் காட்டுவாரே, அது அவர் கையில இருக்க டார்ச்சு, கோளாறு கண்டுபிடிக்க தனியா விடுற வெளிச்சம்.

அந்த வெளிச்சத்த டிபிஎம்னு ஒரு கணக்குல அளப்பாங்க. 0 டிபிஎம்னா ஒரு மில்லிவாட், மைனஸ் 10னா அதுல பத்துல ஒண்ணு, மைனஸ் 20னா நூத்துல ஒண்ணு. ஒவ்வொரு 3 டெசிபல் கொறையும்போதும் வெளிச்சம் பாதியாப் போகும்னு ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும். ஆபீஸ்ல இருந்து கெளம்பும்போது நல்ல தெம்பாத்தான் கெளம்புது, ஆனா போஸ்ட்டுப் பெட்டியில இருக்க ஸ்ப்ளிட்டர் அத வீடு வீடாப் பங்கு வைக்குது. 32 வீட்டுக்குப் பங்கு வச்சா அதுலயே 17 டெசிபல் போயிரும், தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு 0.3, 0.4 டெசிபல் போல கொறையும், அது பெரிய நஷ்டமே இல்ல. கடைசியா வீட்டுக்கு வந்து சேரும்போது மைனஸ் 18ல இருந்து மைனஸ் 23 வரைக்கும் இருந்தா நல்ல ஆரோக்கியம். சாதாரணமா போடுற டப்பாக்கள் மைனஸ் 27 வரைக்கும் தாக்குப் பிடிக்கும், அதுக்குக் கீழ போனா சிவப்பு லைட்டு. இந்த நம்பர நீங்களே பாக்கலாம், பிரவுசர்ல 192.168.1.1னு போட்டு ரூட்டர் பக்கத்துக்குள்ள போனா ஆப்டிகல்னோ பான் ஸ்டேட்டஸ்னோ ஒரு எடத்துல ஆர்எக்ஸ் (RX) பவர்னு காட்டும், வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது. சில டப்பாவுல அந்த 192னு ஆரம்பிக்கிற நம்பர் வேற மாதிரி இருக்கும், டப்பாவுக்கு அடியில ஒட்டியிருக்கும். லைன் நல்லா ஓடுற நாள்லயே அந்த நம்பர ஒரு தாள்ல எழுதி டப்பா மேல ஒட்டி வச்சுருங்க, நான் எங்க சொந்தக்காரங்க வீட்டுல எல்லாம் அப்படித்தான் ஒட்டி வச்சிருக்கேன், என்னைக்காவது கோளாறு வரும்போது முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான கொறைஞ்சுதா இல்லியான்னு சொல்ல முடியும்.

சித்தி வீட்டுல நடந்தது என்னன்னா, போன் டேட்டாவுல வீடியோ கால் போட்டு டப்பாவக் காட்டச் சொன்னேன். தீபாவளிக்கு வெள்ளையடிக்க பட்டாசல்ல இருந்த இரும்பு பீரோவ நகத்தியிருக்காவ, திரும்ப செவுத்தோட ஒட்டித் தள்ளும்போது மஞ்சள் வயரு பீரோ முதுகுக்கும் செவுத்துக்கும் நடுவுல மாட்டி சப்பாத்தி மடிச்ச மாதிரி மடங்கிக் கெடந்துச்சு. கரண்டு வயரு மடங்குனா ஒண்ணும் ஆகாது, செம்புக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஆனா கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் ஓரத்துல பட்டுப் பட்டு உள்ளயே திரும்பித்தான் ஓடுது, வளைவு ரொம்பச் சின்னதானா திரும்பாம வெளிய ஒழுகிரும். சாதாரண இழைன்னா மூணு சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழ வளைக்கக் கூடாது, வளையுறதுக்குன்னே வர்ற புது வகை ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் தாங்கும், ஆணியில சுத்தி முடிச்சுப் போட்டா ரெண்டுமே தாங்காது. பக்கத்து வீட்டுப் பையனக் கூப்பிட்டு பீரோவ ஒரு சாண் முன்னால இழுக்கச் சொன்னேன். வயரப் பைய எடுத்து நீவி விட்டாவ. சிவப்பு அணைஞ்சு, பச்சை மினுங்கி, ஒரு நிமிசத்துல அசையாம நின்னுட்டு. அன்னைக்கு இழை உடையாமத் தப்பிச்சது அதிர்ஷ்டம்தான், இன்னும் கொஞ்சம் நசுங்கியிருந்தா வேற வயருதான் போட்டிருக்கணும்.

ஆனா நான் அதோட விடல, நம்பரப் பாருங்க சித்தின்னேன். மைனஸ் 25.6. ஓடும், ஆனா நூல் மேல ஓடுது. வீட்டுக்குள்ள மடிப்பு போன பிறகும் இவ்வளவு கொறைவுன்னா வெளியயும் ஏதோ ஒண்ணு இருக்கு.

வெளிய என்னெல்லாம் இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா. ஆனி, ஆடியில அடிக்கிற காத்து இருக்கே, பணகுடி, ராதாபுரம் பக்கம் காத்தாடி சுத்த வைக்கிற அதே காத்துதான் தெருவுக்குக் குறுக்க தொங்குற கேபிள ஊஞ்சல் ஆட்டுது, வேப்பங்கொப்புல உரசி உரசி மேல்தோல் தேயுது. தேர் ஓடுற ஊருன்னா தேருக்கு முன்னால குறுக்க போற வயரெல்லாம் அவுத்துக் கட்டுவாவ, திரும்பக் கட்டும்போது எவனாவது ஒரு கேபிள இறுக்கிச் சுருட்டி வச்சுட்டுப் போயிருவான், அடுத்த நாள்ல இருந்து அந்த வரிசை வீடுகளுக்கு பவர் கொறையும். பாபநாசம், காரையார்ப் பக்கம் குரங்கு, மத்த எடத்துல அணிலும் எலியும். இதையெல்லாம் விட மோசம் மழைத் தண்ணி. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழை யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரைய மீறி வந்துச்சு. அறுந்த லைனெல்லாம் எப்படியும் கண்ணுக்குத் தெரியும், திரும்பப் போட்டுருவாங்க. ஆனா பெட்டிக்குள்ள தண்ணி ஏறி இறங்குன எடத்துல கனெக்டர் முகத்துல சேறும் ஈரமும் படிஞ்சிருச்சுன்னா அது சட்டுனு சாகாது, பைய பைய பவரக் கொறைக்கும். 9 மைக்ரான் பாதை முன்னால ஒரு தூசி உக்காந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. வெயில் அடிக்கிற நாள்ல ஓடும், மழை பெஞ்சாப் போயிரும், லைன்மேன் வர்றதுக்குள்ள காஞ்சு திரும்ப ஓடும், அவர் வந்து பாத்துட்டு நல்லாத்தான இருக்குன்னு போயிருவார்.

இன்னொண்ணு, பச்சை கனெக்டரும் நீல கனெக்டரும். பச்சையோட முனை 8 டிகிரி சாய்ச்சுத் தீட்டினது, நீலம் நேரா தீட்டினது. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சொருகுனா நல்லாவே உக்காரும், ஆனா உள்ள முகம் முகத்தோட சேராது, நடுவுல காத்து இடைவெளி நின்னு வெளிச்சம் வீணாப் போகும். செவுத்துப் பெட்டியில இப்படி மாத்திச் சொருகியிருக்கத நானே மூணு வீட்டுல பாத்திருக்கேன்.

சிவப்பு லைட்டு எரியுறப்ப பக்கத்து வீட்டுலயும் அதே கம்பெனி லைன் இருந்தா உடனே கேட்டுருங்க. அவங்களுக்கும் சிவப்புன்னா அறுந்தது ஸ்ப்ளிட்டருக்கு முன்னாடி, உங்க வீட்ட நோண்ட வேண்டாம். அவங்களுக்கு ஓடி உங்களுக்கு மட்டும் இல்லன்னா பெட்டியில இருந்து உங்க வீட்டுக்கு வர்ற அந்த ஒத்தக் கேபிள்தான் கோளாறு. எப்பவாவது அபூர்வமா தெரு மொத்தத்துக்கும் நெட்டு விட்டு விட்டு வரும், கேபிள் எங்கயும் அறுந்திருக்காது. ஒரே இழையில அத்தன வீடும் முறை வச்சுத்தான் திரும்பிப் பேசுது, ஒரு வீட்டு டப்பா கெட்டுப் போய் முறை தவறி வெளிச்சம் அடிச்சுக்கிட்டே இருந்தா மத்த எல்லாரோட பேச்சையும் அது குழப்பிரும். அத ஆபீஸ்ல இருந்துதான் ஒவ்வொரு வீடா அணைச்சுப் பாத்துக் கண்டுபிடிக்கணும்.

கரண்டு போனா நெட்டும் போகத்தான செய்யும்னு நெறைய பேர் விட்டுருதாங்க. அப்படி இல்ல. ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், அது வெறும் கண்ணாடி. ஓஎல்டிக்கு ஆபீஸ்ல பேட்டரி இருக்கும். உங்க டப்பாவுக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வச்சா தெருவே இருட்டாக் கெடந்தாலும் நெட்டு ஓடும். டப்பா அணையும்போது கடைசி நொடியில ஆபீஸுக்கு ஒரு சேதி அனுப்பிட்டுத்தான் சாகும், அதுக்கு டையிங் காஸ்ப்னே பேரு, கடைசி மூச்சுன்னு அர்த்தம். அந்தச் சேதி வந்தா வீட்டுல கரண்டு போயிருக்கு, வராமலே காணாமப் போனா கேபிள் அறுந்திருக்குன்னு அவங்களால உக்காந்த எடத்துலயே சொல்ல முடியும். சித்தி வீட்டு விசயத்துல அத யாராவது பாத்திருந்தா மூணு நாள் ஆயிருக்காது.

சரி, லைட்டெல்லாம் பச்சை, பவரும் நல்லாருக்கு, ஆனா நெட்டு ஸ்லோவா இருக்குன்னா இப்ப வீட்டுக்குள்ள திரும்பணும். முதல்ல ரூட்டர் பக்கத்துல ஆறடி தூரத்துல நின்னு பாருங்க. அங்க நல்லா ஓடி உள்ள போனாத்தான் ஓடலன்னா அது வைஃபை, கம்பெனியத் திட்டிப் பலன் இல்ல. நம்ம பக்கத்துப் பழைய வீடு தெரியும்லா, நடை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுப்படின்னு ரயில் பெட்டி மாதிரி பின்னால பின்னால போகும், ஒவ்வொரு செவுரும் ஒன்றரை அடி சுண்ணாம்புக் காரை. கேபிள் உள்ள நுழையுற தார்சா ஜன்னல் பக்கத்துலயே ரூட்டர மாட்டிட்டுப் போயிருதாங்க, அரங்கு வீட்டுல படுத்துக்கிட்டு சிக்னல் இல்லன்னா எப்படி வரும். வைஃபையில ரெண்டு அலைவரிசை, 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமா ஓடும் ஆனா செவுரு தாண்டாது, 2.4 செவுரு தாண்டும் ஆனா அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் அதுலதான் நெரிசல்ல நிக்கிது. 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான், தெருவுல இருபது ரூட்டர் இருந்தா அந்த மூணுக்குள்ளதான் அடிச்சுக்கணும். பத்து மீட்டர் ஃபைபர் கூட இழுத்து ரூட்டர பட்டாசல் நடுவுல ஆள் உசரத்துக்கு மேல மாட்டச் சொல்லுங்க, பீரோவுக்குப் பின்னாலயும் கண்ணாடிக்குப் பின்னாலயும் மட்டும் வேண்டாம். அப்பவும் பின்கட்டுக்கு எட்டலன்னா ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கன இன்னொரு ரூட்டர் வைங்க. காத்துலயே வாங்கி காத்துலயே திருப்பி விடுற மலிவு ரிப்பீட்டர் வேகத்தப் பாதியாக்கிரும்.

லேன் கேபிள்ல கூட ஒரு சூட்சுமம் இருக்கு. அதுக்குள்ள எட்டு கம்பி, 1000 எம்பிபிஎஸ்ல ஓடணும்னா எட்டும் வேணும். எலி ஒண்ணக் கடிச்சாக்கூட லைன் சாகாம 100க்கு எறங்கலாம், 300 பிளான் போட்டும் எப்பப் பாத்தாலும் 94, 95லயே நிக்குதுன்னா அந்தக் கேபிளையோ ரூட்டரோட போர்ட்டையோ சந்தேகப்படுங்க. அப்புறம் 100 எம்பிபிஎஸ்ங்கிறது பிட் கணக்கு, டவுன்லோடு காட்டுறது பைட் கணக்கு, எட்டால வகுத்தா 12.5 தான் வரும், அது ஏமாத்து இல்ல.

ராத்திரி ஏழுல இருந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும் ஸ்லோன்னா அது நெரிசல். வீட்டுக்குப் பெரும்பாலும் போடுற இந்த ஃபைபர் முறைக்கு ஜிபான்னு பேரு, அந்த லைன்ல வீடுகளப் பாத்து வர்ற மொத்தம் 2.488 ஜிபிபிஎஸ், 32 வீடும் ஒரே நேரத்துல முழுசா இழுத்தா ஆளுக்கு 77 எம்பிபிஎஸ்தான் வரும், ஆனா அப்படி யாரும் ஒண்ணுபோல இழுக்கிறது இல்ல, அதனால பெரும்பாலும் அடைக்கிறது இங்க இல்ல, ஆபீஸ்ல இருந்து வெளிய போற லைன கம்பெனி கம்மியா வாங்கி வச்சிருக்கதுதான். காலையில அஞ்சு மணிக்கு ஒண்ணு, ராத்திரி ஒம்போதுக்கு ஒண்ணுன்னு லேப்டாப்ப வயர்ல மாட்டி நாலு நாள் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வச்சுக்கோங்க, வாய்ல சொல்றத விட அது பேசும்.

சில நேரம் லைன் இருக்கும், வாட்ஸ்அப் கூட வரும், ஆனா எந்த வெப்சைட்டும் திறக்காது. பேர நம்பராக்கிக் குடுக்குற டிஎன்எஸ் படுத்துட்டுன்னு அர்த்தம், ரூட்டர்ல 8.8.8.8, 1.1.1.1னு போட்டாச் சரியாயிரும். போனோட ஐபி நம்பர் 169.254ன்னு ஆரம்பிச்சா ரூட்டர் நம்பரே குடுக்கல, இதுக்கு மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுறது உண்மையாவே மருந்து.

ஒண்ணு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன், ஊசி போட்டு அமுக்குற அந்த ரீசெட் ஓட்டையத் தொடாதீங்க. ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற. உங்க யூசர்நேம், பாஸ்வேர்டு, லைனுக்குன்னு கம்பெனி போட்டு வச்ச விலேன் நம்பர் எல்லாத்தையும் அது தொடச்சு எடுத்துரும், இருந்தது சின்னக் கோளாறுன்னாலும் அதுக்கப்புறம் ஆள் வந்து போட்டாத்தான் நெட்டு. வள்ளியூர்ல எங்க மாமா வீட்டுல டிஎன்எஸ் கோளாறுக்கு ரீசெட் அமுக்கி அஞ்சு நாள் காத்துக் கெடந்தாங்க, பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை வேற, நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

கம்பெனிக்குப் போன் போடும்போது "நெட்டு வரல"ன்னு மட்டும் சொன்னா அவங்க கைவசம் இருக்கது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கங்கிற பதில்தான். எல்.ஓ.எஸ். சிவப்பு, எப்பத்துல இருந்து, பக்கத்து வீட்டுல ஓடுதா இல்லியா, முன்னாடி பவர் எவ்வளவு இப்ப எவ்வளவு, இத அடுத்தடுத்துச் சொல்லிட்டு டாக்கெட் நம்பர் வாங்காம போன வைக்காதீங்க. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2012ல போட்ட விதிப்படி புகார் எண் குடுத்தே ஆகணும், அங்க தீரலன்னா மேல்முறையீட்டுக்கும் அந்த நம்பர்தான் ஆதாரம்.

கார்த்திகையில ஒரு அடை மழை பெஞ்ச மறுநாள் சித்திக்குத் திரும்ப நெட்டு போயிட்டு. இந்தத் தடவ எனக்குப் போன் போடல, நேரா கம்பெனிக்கே போட்டு, "தம்பி, சிவப்பு லைட்டு எரியுது, பக்கத்து வீட்டுல ஓடுது, நேத்தைக்கு மைனஸ் 25 இருந்துச்சு, பீரோ கீரோ ஒண்ணும் நகத்தல, போஸ்ட்டுப் பெட்டியப் பாருங்க"ன்னு சொல்லியிருக்காவ. லைன்மேன் ஏணியோடயும் பவர் மீட்டரோடயும் வந்தார். பெட்டிய நேராப் போய்த் திறந்தா மூடி சரியா மூடாம உள்ள எறும்புப் புத்து, சித்தி வீட்டுக் கனெக்டர் ஈரத்துல கெடக்கு. அந்த முனைய வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசாப் போட்டுத் தொடச்சுச் சொருகி மூடிய இறுக்கிட்டு எறங்குனார். சித்தி டப்பா மேல ஒட்டியிருந்த தாள்ல பழைய நம்பர அடிச்சுட்டுப் புதுசா எழுதி எனக்குப் போட்டோ அனுப்புனாவ: மைனஸ் 20.1.